வில்பர் ஷ்ராம்

வில்பர் லாங் ஷ்ராம் (ஆகஸ்ட் 5, 1907 - டிசம்பர் 27, 1987) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொடர்பாடல் ஆய்வாளர், பேராசிரியர், எழுத்தாளர் ஆவார். தொடர்பாடலியலைப் பல்கலைக்கழகங்களில் தனித்துறையாக நிலைநிறுத்தியவர் இவரே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. இவருக்கு முன்னரும் தொடர்பாடல் பற்றி ஆய்வு செய்த அறிஞர்கள் பலர் இருந்தனர். எனினும் அவர்கள் உளவியல், சமூகவியல், அரசறிவியல் முதலிய துறைகளிலேயே பணியாற்றினர். தொடர்பாடலுக்கெனத் தனி ஆய்வு நிறுவனம், தனி முனைவர் பட்டப் படிப்பு, தனிப் பாடநூல் என்பவற்றை உருவாக்கியவர் ஷ்ராம் ஆவார். சிறு வயது முதல் கடுமையான திக்குவாயினால் துன்புற்ற ஒருவர், மனிதர் ஒருவரோடு ஒருவர் எவ்வாறு தொடர்புகொள்கின்றனர் என்பதை ஆராயும் துறையை உருவாக்கியமை குறிப்பிடத்தக்கது.

இளமையும் கல்வியும்

ஷ்ராம் ஒகையோ மாநிலத்தில், மஸ்கிங்கம் ஆறு ஒகையோ ஆற்றுடன் கலக்கும் இடத்தில் அமைந்துள்ள மரியெட்டா நகரில் பிறந்தார். இவரது முன்னோர் செருமனியில் இருந்து குடியேறியவர்கள். தந்தை வழக்கறிஞர். முதலாம் உலகப் போர்க் காலத்தில், செருமானியக் குடும்பப் பெயரைக் கொண்டிருந்தமையால் தந்தையின் தொழில் பாதிக்கப்பட்டது.

ஐந்து வயதில் இவருக்குத் தொண்டைச் சதை நீக்கும் அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. அது முறையாகச் செய்யப்படவில்லை. அதன் பின்னர் இவருக்குத் திக்குவாய் ஏற்பட்டது. பலர் முன்னிலையில் பேசுவதை இவர் பெரிதும் தவிர்த்து வந்தார். உயர்நிலைப் பள்ளியின் பட்டமளிப்பு நாளில் முதல் மாணவராக உரை நிகழ்த்த வேண்டியிருந்தபோது, உரைக்குப் பதிலாகப் புல்லாங்குழல் வாசித்தார்.

மரியெட்டா கல்லூரியில் வரலாறும் அரசறிவியலும் பயின்று 1928 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்தில் உள்ளூர் நாளிதழில் செய்தியாளராகப் பணியாற்றினார். பின்னர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க நாகரிகத்தில் 1930 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கிருந்து அயோவா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அக்காலத்தில் திக்குவாய் ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் அயோவா பெயர் பெற்றிருந்தது. லீ எட்வர்ட் டிராவிஸ் என்ற பேச்சு நோய் வல்லுநரிடம் ஷ்ராம் சிகிச்சை பெற்றார். திக்குவாய் முற்றாக நீங்கவில்லை. எனினும் அதனுடன் வாழவும், வகுப்பறையிலும் மாநாட்டு மேடையிலும் பேசவும் பழகிக்கொண்டார்.

1932 இல் அமெரிக்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்ற பின்னர், உளவியலாளர் கார்ல் சீஷோரிடம் ஆய்வுமுறைப் பயிற்சி பெற்றார். இலக்கிய மாணவரான இவருக்குச் சோதனை முறையும் புள்ளியியலும் அறிமுகமானது இக்காலத்திலேயே ஆகும்.

அயோவா எழுத்தாளர் பட்டறை

ஆங்கிலத் துறையில் ஆசிரியராகச் சேர்ந்த ஷ்ராம், 1936 இல் தொடங்கிய அயோவா எழுத்தாளர் பட்டறையின் முதல் இயக்குநரானார். படைப்பிலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகக் கற்பித்த முன்னோடி அமைப்புகளில் இது ஒன்று. மாணவர் தம் கதைகளைச் சிறு குழுவின் முன் வைக்க, சக மாணவர்களும் ஆசிரியரும் அவற்றை ஆராய்வது இதன் முறை ஆகும். ஷ்ராம் தாமும் சிறுகதைகள் எழுதினார். காற்றினால் ஓடும் பாய்மர வண்டியில் பயணம் செய்பவனைப் பற்றிய இவரது கதை 1942 இல் ஓ. ஹென்றி பரிசுத் தொகுப்பில் இடம்பெற்றது.

சிறிய குழு, நெருக்கமான கலந்துரையாடல், மாணவரின் ஆக்கத்தை மையமாகக் கொண்ட கற்பித்தல் ஆகியவற்றை ஷ்ராம் பின்னர் தொடர்பாடல் முனைவர் படிப்பிலும் பயன்படுத்தினார்.

போர்க்காலப் பணி

ஐக்கிய அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் ஈடுபட்டபோது ஷ்ராம் வாஷிங்டன் சென்று, அரசின் போர்த் தகவல் அலுவலகத்தில் கல்விப் பிரிவின் இயக்குநராகப் பணியாற்றினார். அங்கு உளவியலாளர்களும் சமூகவியலாளர்களும் கருத்துக் கணிப்பாளர்களும் ஒன்றாகப் பணிபுரிந்தனர். மக்களுக்குப் போர்ச் செய்திகளை எவ்வாறு தெரிவிப்பது, வதந்திகளை எவ்வாறு எதிர்கொள்வது, அரசின் செய்தி மக்களைச் சென்றடைந்ததா என எவ்வாறு அறிவது என்பன அவர்கள் எதிர்நோக்கிய கேள்விகள். இக்கேள்விகளுக்கு எந்த ஒரு துறையாலும் தனித்து விடை கூற இயலவில்லை. தொடர்பாடலுக்கெனத் தனித்துறை வேண்டும் என்ற எண்ணம் ஷ்ராமிடம் உருவாக இந்த அனுபவமே காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

1943 இல் அயோவா திரும்பிய இவர் இதழியல் பள்ளியின் இயக்குநரானார். இதழியல் அதுவரை தொழிற்பயிற்சியாகவே கற்பிக்கப்பட்டு வந்தது. செய்தி எழுதுவது எப்படி என்பதுடன், அச்செய்தியை யார் படிக்கின்றனர், ஏன் படிக்கின்றனர், படிப்பதனால் என்ன விளைகின்றது என்பனவற்றையும் ஆராய வேண்டும் என ஷ்ராம் வலியுறுத்தினார். வெகுசனத் தொடர்பாடலில் முனைவர் பட்டப் படிப்பு ஒன்றையும் திட்டமிட்டார்.

இலினாய் பல்கலைக்கழகம்

1947 இல் இலினாய் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜார்ஜ் ஸ்டாடார்ட் அழைப்பின் பேரில் ஷ்ராம் அங்கு சென்று தொடர்பாடல் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். புதிய துறைக்குப் பாடநூல்கள் இல்லாத நிலையில், பல்வேறு துறையினரின் கட்டுரைகளைத் தொகுத்து இவர் வெளியிட்ட நூல்களே தொடக்ககாலப் பாடநூல்களாயின. 1949 இல் வெளியான வெகுசனத் தொடர்பாடல்கள், 1954 இல் வெளியான வெகுசனத் தொடர்பாடலின் செயல்முறையும் விளைவுகளும் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

பல்கலைக்கழக அச்சகத்தின் பொறுப்பும் இவரிடம் இருந்தது. 1948 இல் பெல் நிறுவனத்தின் ஆய்விதழில் கிளாட் ஷானன் எழுதிய கணிதக் கட்டுரை, வாரன் வீவரின் விளக்கவுரையுடன் 1949 இல் இவ்வச்சகத்தின் மூலம் நூலாக வெளிவந்தது. தகவல் கோட்பாட்டின் அடிப்படை நூலான இது பொறியியலாளர்களைத் தாண்டிச் சமூக அறிவியலாளர்களைச் சென்றடைய இப்பதிப்பு உதவியது.

1949, 1950 ஆகிய ஆண்டுகளில், ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன், பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான அல்லர்டன் மாளிகையில் கல்வி வானொலி பற்றிய இரு கருத்தரங்குகளை ஷ்ராம் நடத்தினார். அக்காலத்தில் பல்கலைக்கழகங்கள் நடத்திய வானொலி நிலையங்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றி, குறைந்த நிதியுடன் இயங்கி வந்தன. அவற்றின் பொறுப்பாளர்கள் ஓரிடத்தில் தங்கி, கல்வி ஒலிபரப்பின் நோக்கங்களையும் நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ளும் வழிகளையும் விவாதித்தனர். ஐக்கிய அமெரிக்காவில் பின்னாளில் வளர்ந்த பொது ஒலிபரப்பு முறையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக இக்கருத்தரங்குகள் கருதப்படுகின்றன.

தொடர்பாடல் மாதிரி

ஷானனின் மாதிரியில் செய்தி ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு ஒரே திசையில் செல்கின்றது. தொலைபேசிக் கம்பிக்கு இது பொருந்தும். மனிதருக்கு இது போதாது என ஷ்ராம் கருதினார். 1954 ஆம் ஆண்டு நூலில் இவர் முன்வைத்த மாதிரியில் மூன்று கருத்துகள் முக்கியமானவை.

முதலாவது, அனுபவப் புலம். அனுப்புநருக்கும் பெறுநருக்கும் பொதுவான அனுபவம் எவ்வளவு உள்ளதோ அவ்வளவுக்கே செய்தி விளங்கும். பனியைக் கண்டறியாத மாணவனுக்குப் பனிப்புயலைப் பற்றிச் சொற்களால் மட்டும் விளக்குவது கடினம். இருவரது புலங்களும் எங்கும் ஒன்றையொன்று தொடாவிடில் தொடர்பாடல் நிகழாது.

இரண்டாவது, பின்னூட்டம். பேசுபவர் கேட்பவரின் முகக்குறிப்பையும் மறுமொழியையும் கவனித்துத் தம் பேச்சை மாற்றிக்கொள்கின்றார். செய்தித்தாள், வானொலி போன்றவற்றில் இப்பின்னூட்டம் மிகவும் குறைவாகவும் தாமதமாகவும் கிடைக்கின்றது.

மூன்றாவது, சுழற்சி. உளவியலாளர் சார்ல்ஸ் ஆஸ்குட்டின் கருத்தைத் தழுவி, ஒவ்வொருவரும் ஒரே வேளையில் குறியேற்றுபவராகவும் குறிவிலக்குபவராகவும் பொருள் கொள்பவராகவும் விளங்குகின்றனர் என ஷ்ராம் காட்டினார். இது ஆஸ்குட்-ஷ்ராம் மாதிரி என அறியப்படுகின்றது.

பல செய்திகளுள் ஒன்றை ஒருவர் ஏன் தெரிவு செய்கின்றார் என்பதையும் இவர் எளிய பின்னமாக விளக்கினார். எதிர்பார்க்கும் பயனை, தேவைப்படும் முயற்சியால் வகுத்தால் தெரிவுக்கான வாய்ப்புக் கிடைக்கும். பயன் மிகுந்தாலும் முயற்சி குறைந்தாலும் தெரிவு செய்யும் வாய்ப்பு உயர்கின்றது. இது அளவிடுவதற்கான சூத்திரம் அன்று, சிந்தனைக்கான கருவியே ஆகும்.

ஸ்டான்போர்டும் 1958 விவாதமும்

1955 இல் ஷ்ராம் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1957 முதல் அங்குள்ள தொடர்பாடல் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கினார். 1973 இல் ஓய்வு பெறும் வரை இங்கு பணியாற்றினார். இந்நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்ற பலர் நாட்டின் பிற பல்கலைக்கழகங்களில் தொடர்பாடல் துறைகளுக்குத் தலைமை ஏற்றனர்.

இக்காலத்தில் துறையின் இருப்பே கேள்விக்குள்ளானது. 1958 இல் நடைபெற்ற அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வுச் சங்கத்தின் மாநாட்டில் பெர்னார்ட் பெரல்சன் ஓர் ஆய்வுரை வாசித்தார். தொடர்பாடல் ஆய்வு வாடி வருகின்றது என்பதே அவரது முடிவு. ஹரோல்ட் லாஸ்வெல், பால் லாசர்ஸ்பெல்ட், கர்ட் லெவின், கார்ல் ஹொவ்லண்ட் ஆகிய நால்வரே இத்துறையின் பெரும் முன்னோடிகள் என்றும், லெவின் 1947 இல் இறந்துவிட, ஏனையோர் வேறு ஆய்வுகளுக்குச் செல்கின்றனர் என்றும், அவர்களுக்கு ஈடான புதிய கருத்துகள் தோன்றவில்லை என்றும் அவர் கூறினார். பெரல்சன் இத்துறையிலேயே நீண்ட காலம் உழைத்தவர் என்பதால் இவ்வுரை பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது.

இவ்வுரை 1959 இல் பொதுக்கருத்து காலாண்டிதழில் வெளியானபோது ஷ்ராம், டேவிட் ரீஸ்மன், ரேமண்ட் பவர் ஆகியோரின் மறுமொழிகளும் உடன் வெளியாயின. இயற்பியலைப் போன்றோ பொருளியலைப் போன்றோ எல்லை வகுக்கப்பட்ட துறை அன்று தொடர்பாடல் ஆய்வு என ஷ்ராம் விளக்கினார். பல துறை அறிஞர்கள் வந்து சந்தித்துச் செல்லும் இடம் அது. ஆகவே ஒருசிலர் விலகிச் செல்வது அதன் இயல்பே அன்றி மரணத்தின் அறிகுறி அன்று. அன்று நடைபெற்று வந்த ஆய்வுகளைச் சுட்டிக்காட்டி, துறை உயிர்ப்புடன் இருப்பதாக இவர் வாதிட்டார்.

பெரல்சன் குறிப்பிட்ட நால்வரையும் துறையின் தந்தையர் என ஷ்ராம் பின்னர் தம் நூல்களில் எழுதினார். பாடநூல்களில் இன்றும் இவ்வழக்கு காணப்படுகின்றது. வாதத்தில் எதிர்த்தவரின் பட்டியலே துறையின் வரலாறாக நிலைத்துவிட்டது. துறைக்கென நிலையான நிறுவனங்களை அமைத்தவர் என்ற வகையில் ஷ்ராமையே நிறுவனராகக் கொள்ள வேண்டும் என எவரெட் ராஜர்ஸ் முதலிய பிற்கால ஆய்வாளர்கள் கருதினர்.

தொலைக்காட்சியும் குழந்தைகளும்

தொலைக்காட்சி விரைவாகப் பரவிய காலத்தில் அது குழந்தைகளைக் கெடுக்கின்றதா என்ற கேள்வி பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் எழுந்தது. ஷ்ராம், ஜாக் லைல், எட்வின் பார்க்கர் ஆகிய மூவரும் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் விரிவான கள ஆய்வு நடத்தி, 1961 இல் நம் குழந்தைகளின் வாழ்வில் தொலைக்காட்சி என்ற நூலை வெளியிட்டனர். தொலைக்காட்சி இருந்த கனடிய ஊர் ஒன்றையும், அது இன்னும் வந்து சேராத ஊர் ஒன்றையும் ஒப்பிட்டமை இவ்வாய்வின் சிறப்பு ஆகும்.

தொலைக்காட்சி குழந்தைகளை என்ன செய்கின்றது என்பதைவிட, குழந்தைகள் தொலைக்காட்சியைக் கொண்டு என்ன செய்கின்றனர் என்பதே சரியான கேள்வி என இந்நூல் காட்டியது. ஒரே நிகழ்ச்சி சில சூழல்களில் சில குழந்தைகளுக்குத் தீங்காகலாம், பிறருக்கு நன்மையாகலாம், பெரும்பாலோருக்கு இரண்டும் இன்றிக் கழியலாம். வீட்டிலும் நண்பரிடத்திலும் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் அன்பும் பாதுகாப்பும் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன என இவர்கள் கண்டனர்.

வளர்ச்சித் தொடர்பாடல்

யுனெஸ்கோ நிறுவனத்துக்காக ஷ்ராம் எழுதிய வெகுசன ஊடகங்களும் தேசிய வளர்ச்சியும் என்ற நூல் 1964 இல் வெளியானது. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் புதிய அரசுகள் பலவும் இந்நூலைக் கவனித்தன. ஊடகங்களுக்கு மூன்று பணிகள் உண்டு என இவர் கூறினார். அவை காவலரைப் போலச் செய்தி அறிவித்தல், மக்கள் கூடி முடிவெடுக்க உதவுதல், ஆசிரியரைப் போலக் கற்பித்தல் என்பன. நூறு பேருக்குப் 10 நாளிதழ்ப் பிரதிகள், 5 வானொலிப் பெட்டிகள், 2 திரையரங்கு இருக்கைகள் என யுனெஸ்கோ வகுத்த குறைந்தபட்ச அளவை வளரும் நாடுகளில் பெரும்பாலானவை எட்டவில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார்.

இந்தியாவுடன் இவருக்கு நேரடித் தொடர்பு இருந்தது. 1960களின் தொடக்கத்தில் போர்ட் அறக்கட்டளையின் ஆதரவில் இந்தியா வந்த வெகுசனத் தொடர்பாடல் ஆய்வுக் குழுவுக்கு இவர் தலைமை தாங்கினார். தொடர்பாடல் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் தேசிய நிறுவனம் ஒன்று வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக இந்திய வெகுசனத் தொடர்பு நிறுவனம் 1965 ஆகஸ்ட் 17 அன்று புது தில்லியில் தொடங்கப்பட்டது. அப்போது தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த இந்திரா காந்தி இதனைத் தொடங்கி வைத்தார். இந்தியாவில் கல்விக்குச் செயற்கைக்கோளைப் பயன்படுத்துவது பற்றி 1968 இல் ஷ்ராம், லைல் நெல்சனுடன் இணைந்து ஓர் ஆய்வு எழுதினார். 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை இந்தியா, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடத்தியது.

கற்பித்தலில் ஊடகங்கள்

1960களில் பல நாடுகள் ஆசிரியர் பற்றாக்குறையைத் தொலைக்காட்சியால் ஈடுசெய்ய முயன்றன. ஷ்ராமும் அவரது குழுவினரும் இம்முயற்சிகளை நேரில் ஆராய்ந்தனர். 1964 இல் அமெரிக்க சமோவாவில் பள்ளிப் பாடங்களின் பெரும்பகுதி தொலைக்காட்சி மூலம் கற்பிக்கப்பட்டது. தொடக்க வகுப்புகளில் ஓரளவு பயன் கிடைத்தது. ஆனால் ஆசிரியரும் உயர்நிலை மாணவரும் காலப்போக்கில் சலிப்புற, அதன் பயன்பாடு குறைக்கப்பட்டது. எல் சால்வடோரில் தொலைக்காட்சியுடன் ஆசிரியர் பயிற்சி, புதிய பாடத்திட்டம் ஆகியனவும் ஒருங்கே மேற்கொள்ளப்பட்டன.

இவற்றின் அடிப்படையில் 1977 இல் பெரிய ஊடகங்கள், சிறிய ஊடகங்கள் என்ற நூலை எழுதினார். தகுந்த சூழலில் மாணவர் எந்த ஊடகத்தில் இருந்தும் கற்க இயலும் என்றும், ஊடகத்தின் வகையைவிடப் பாடத்தின் தரமும் அதனைப் பயன்படுத்தும் முறையும் முக்கியமானவை என்றும் இந்நூல் கூறுகின்றது. தொலைக்காட்சியைவிடப் பல மடங்கு குறைந்த செலவில் வானொலி கற்பிக்க வல்லது என்பதை இவர் ஏழை நாடுகளின் திட்டமிடுவோருக்கு நினைவூட்டினார்.

ஹொனலுலு மாநாடுகள்

தொடர்பாடலும் வளர்ச்சியும் பற்றி 1964 இல் ஹவாயின் ஹொனலுலுவில் உள்ள கிழக்கு-மேற்கு மையத்தில் ஒரு மாநாடு நடைபெற்றது. அதன் கட்டுரைகளை டேனியல் லெர்னரும் ஷ்ராமும் 1967 இல் நூலாக வெளியிட்டனர். நவீன ஊடகங்கள் பரவினால் வளர்ச்சி விரைவாகும் என்ற நம்பிக்கை அந்நூலில் மேலோங்கி இருந்தது.

1973 இல் ஷ்ராம் அதே மையத்தின் தொடர்பாடல் நிறுவனத்துக்கு இயக்குநரானார். 1975 இல் அங்கேயே மற்றொரு மாநாடு கூட்டப்பட்டது. கடந்த பத்தாண்டில் என்ன நடந்தது என்பதை மதிப்பிடுவதே அதன் நோக்கம். ஊடகங்கள் பெருகியும் ஏழை, பணக்காரர் இடையிலான இடைவெளி பல நாடுகளில் குறையவில்லை. நிலம், கடன், அதிகாரம் ஆகியவற்றின் பங்கீடு மாறாத இடத்தில் செய்தியால் மட்டும் பயன் விளையவில்லை. கிராம மக்களின் பங்கேற்பும் உள்ளூர் அறிவும் புறக்கணிக்கப்பட்டமையும் சுட்டிக்காட்டப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முன் தாம் முன்வைத்த கருத்துகள் விமர்சிக்கப்பட்ட இம்மாநாட்டின் கட்டுரைகளையும் ஷ்ராமும் லெர்னரும் தொகுத்து 1976 இல் வெளியிட்டனர்.

ஹாங்காங்கும் சீனாவும்

1977 இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராக இருந்து, தொடர்பாடலில் முதுநிலை ஆய்வுப் படிப்பைத் தொடங்க உதவினார். 1982 இல் தம் மாணவர் திமொத்தி யூவுடன் குவாங்சோ, ஷாங்காய், பெய்ஜிங் ஆகிய நகரங்களுக்குச் சென்று உரையாற்றினார். நீண்ட காலம் வெளியுலகத் தொடர்பு குறைந்திருந்த சீன இதழியல் ஆசிரியர்களுக்குத் தொடர்பாடல் ஆய்வை விரிவாக அறிமுகப்படுத்தியது இப்பயணமே. அதே ஆண்டு நவம்பரில் பெய்ஜிங்கில் சீனாவின் முதல் தேசியத் தொடர்பாடல் கருத்தரங்கு நடைபெற்றது.

ஷ்ராம் 1987 டிசம்பர் 27 அன்று தமது 80 ஆம் வயதில் ஹொனலுலுவில் காலமானார்.

விமர்சனங்கள்

ஷ்ராமின் பணி பனிப்போர்க் கால அரசியலுடன் பிணைந்தது என்பது முக்கியமான விமர்சனம் ஆகும். 1950 இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்க வான்படைக்காக ஜான் ரைலியுடன் கொரியா சென்று, சியோல் நகரில் வடகொரிய ஆட்சி நடந்த முறையை ஆராய்ந்து நூல் எழுதினார். 1954 ஆம் ஆண்டுப் பாடநூலும் அரசின் வெளிநாட்டுத் தகவல் நிறுவனத்தின் பயிற்சித் தேவைக்காக உருவானதே. இவ்வாறான அரசு, இராணுவ நிதியே துறையின் கேள்விகளைத் தீர்மானித்தது எனக் கிறிஸ்டோபர் சிம்ப்சன் முதலியோர் வாதிட்டனர்.

பிரெட் சீபர்ட், தியடோர் பீட்டர்சன் ஆகியோருடன் 1956 இல் எழுதிய பத்திரிகையின் நான்கு கோட்பாடுகள் என்ற நூலும் விமர்சனத்துக்கு உள்ளானது. இதில் சோவியத் கோட்பாடு பற்றிய பகுதியை ஷ்ராம் எழுதினார். உலகின் எல்லாப் பத்திரிகை முறைகளையும் மேற்கத்திய நோக்கில் நான்கு பெட்டிகளுக்குள் அடைக்கின்றது என்பது இந்நூல் மீதான குறை. 1995 இல் இலினாய் பல்கலைக்கழக அறிஞர்களே இதனை மறுபரிசீலனை செய்து நூல் வெளியிட்டனர்.

முதன்மை நூல்கள்

வெகுசனத் தொடர்பாடல்கள் (1949, தொகுப்பு)
வெகுசனத் தொடர்பாடலின் செயல்முறையும் விளைவுகளும் (1954, தொகுப்பு)
பத்திரிகையின் நான்கு கோட்பாடுகள் (1956, சீபர்ட், பீட்டர்சனுடன்)
நம் குழந்தைகளின் வாழ்வில் தொலைக்காட்சி (1961, லைல், பார்க்கருடன்)
வெகுசன ஊடகங்களும் தேசிய வளர்ச்சியும் (1964)
மனிதர், செய்திகள், ஊடகங்கள் (1973)
பெரிய ஊடகங்கள், சிறிய ஊடகங்கள் (1977)
மனிதத் தொடர்பாடலின் கதை (1988, மறைவுக்குப் பின்)
அமெரிக்காவில் தொடர்பாடல் ஆய்வின் தொடக்கங்கள் (1997, மறைவுக்குப் பின் ஸ்டீவன் சாபி, எவரெட் ராஜர்ஸ் பதிப்பித்தது)